பஞ்சத்தில் வந்தவர்கள்

(தவக்காலம் நான்காம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்று கோவில்களில் வாசிக்கப்படும் நற்செய்தி, லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமை. நம் கிறிஸ்தவ வீடுகளில் மட்டுமல்ல, மற்ற சமயத்து அன்பர்களுக்கும் தெரிந்த கதை இது. ஆகவே முழுவதையும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும். அந்தப் பையன் எதற்காக வீட்டுக்குத் திரும்பினான்?

பாவத்தை நினைத்து மனம் வருந்தித் திரும்பினான் என்றுதான் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். தவறில்லை. ஆனால் நற்செய்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவன் போன தேசத்தில் கொடிய பஞ்சம் வந்தது. கையில் காசில்லை. பன்றி மேய்க்கப் போனான். பன்றி தின்கிற நெற்றையாவது தின்னலாம் என்றால் அதையும் கொடுப்பாரில்லை. அப்போதுதான் அவனுக்கு அப்பா வீட்டு ஞாபகம் வருகிறது. அங்கே கூலியாட்கள்கூட வயிறு நிறையச் சாப்பிடுகிறார்களே என்று நினைக்கிறான். அப்பாவிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பு வார்த்தைகளை அவன் மனதுக்குள் கோத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். முதலில் அவனைக் கிளப்பியது பசி.

இதை ஏன் எடுத்துச் சொல்கிறேன் என்றால், நம் பகுதியிலே ஒரு வசைச் சொல் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பேச்சில் என் காதாலேயே கேட்டேன். இரண்டு வீட்டாரும் கத்தோலிக்கர். பேச்சு எல்லாம் முடிந்து, ஓலை எப்போது வாசிப்பது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நீங்க பரம்பரை வேதக்காரங்களா, இல்ல பஞ்சத்துல வந்தவங்களா?" பெண்ணின் தகப்பனார் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

"பஞ்சத்துக்கு வந்தவன்", "கஞ்சிக்கு வந்தவன்" என்கிற இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது? இன்று கொஞ்சம் பழைய கதை பேசலாம்.

1876-ஆம் ஆண்டு. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் காய்ந்தன. அடுத்த வருடமும் ஆறவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மக்கள் இறந்திருப்பார்கள் என்பது கணக்கு. அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டும் இருந்தது. நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயிக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சென்னையில் இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தக் கூலிக்கு வெட்டப்பட்டது.

நம் புதுச்சேரி அன்று பிரெஞ்சு மண். ஆனால் எல்லைக் கோடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். வில்லியனூர் பிரெஞ்சு, பக்கத்து ஊர் இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. பசித்தவன் எந்தக் கோட்டைப் பார்த்து நிற்பான்? இன்னொரு வழியும் அன்று திறந்திருந்தது. நம் துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிப்போனார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். வீடு திரும்ப வழி தெரியாத மைந்தர்கள் அவர்கள்.

அன்றைய கிராமப் பங்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இன்று பங்கு என்றால் நமக்குக் கோபுரம் வைத்த கோவில், சாமியார் பங்களா, பள்ளிக்கூடம், ஒலிபெருக்கி. அன்று பெரும்பாலும் மண்சுவரும் பனையோலைக் கூரையும்தான். சுவாமியார் ஒரு தலைக் கிராமத்தில் இருப்பார். அவருக்குக் கீழே பல கிளைக் கிராமங்கள். மாட்டு வண்டியிலோ குதிரையிலோ ஒவ்வொன்றாகச் சுற்றிவர மாதக்கணக்காகும். அவர் வரும் நாளில்தான் பூசை, பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், கல்யாணம் எல்லாம். மற்ற நாட்களில் கோவிலைத் தாங்கியவர் உபதேசியார். விடியலில் மணி அடிப்பார், பிள்ளைகளுக்குச் சின்னக் குறிப்பிடம் சொல்லிக்கொடுப்பார், சாகக் கிடப்பவரின் காதில் மங்கள வார்த்தை செபம் சொல்லுவார், சண்டை தீர்ப்பார். நம் மறைமாவட்ட வரலாற்றை எழுதியவர்கள் சுவாமியார்களின் பெயர்களை எழுதினார்கள். உபதேசியார்கள் அநேகமாகப் பெயரில்லாமலே போய்விட்டார்கள். அது எனக்கு ஒரு மனக்குறை.

சுவாமியார்கள் யார்? பாரிஸ் வேதபோதக சபையார். இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு 1776-இல் இந்த மிசியோனைப் பொறுப்பேற்றவர்கள். பலர் பிரான்சின் சின்னச் சின்னக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் காலத்து பிரெஞ்சுக் கிராமம் எப்படி இருந்தது என்று அறிய விரும்பினால் ஆர்ஸ் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். புனித ஜான் மரிய வியான்னி 1818-இல் அங்கே பங்குப் பொறுப்பேற்றபோது மொத்த சனம் 230 பேர். நம் பாகூர்ப் பக்கத்தில் ஒரு தெருவுக்குச் சமம். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து இளைஞர்கள் பாரிசுக்குப் போய், அங்கே பிரியாவிடை வழிபாட்டில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் தங்கள் பாதங்களை முத்தமிட, கப்பலேறினார்கள். திரும்பி வருவோம் என்ற நினைப்பு அவர்களுக்கு இல்லை. வெயிலையும் காய்ச்சலையும் தாங்கி, தமிழ் கற்று, இங்கேயே புதைந்தார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டேன். நம் மக்களைக் குழந்தைகளைப்போல் நினைத்து நடத்தியவர்களும் உண்டு. ஆனால் கிளெமென்ட் பொன்னான் ஆண்டகை மாதிரியான மேற்றிராணியார் வேறு விதம். அவர் 1844-இல் புதுச்சேரியில் சினோது கூட்டியபோது, இந்தத் திருச்சபையை இந்த மண்ணின் குருக்களே நடத்த வேண்டும், அதற்குப் பள்ளிகளும் குருமடமும் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நம் ஊர் பெத்தி செமினேர் பள்ளி அந்த 1844-இல் பிறந்தது. அதே ஆண்டு துப்புயி சுவாமியார், பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தரவென்று மரியாயின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கு சபைச் சகோதரிகளின் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது.

இந்தக் கிராமப் பங்குகளின் வாசலுக்குத்தான் தாது வருஷத்தில் சனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்த மக்கள். நிலம் இல்லாதவர்கள். நிலம் வைத்திருப்பவனுக்கே சோறில்லாதபோது அவன் வயலில் வேலை செய்தவனுக்கு யார் போடுவார்கள்? லவுனான் ஆண்டகை அப்போது மேற்றிராணியார். பின்னால் 1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானபோது முதல் பேராயரானவர். ஐரோப்பாவிலிருந்து வந்த தர்மப் பணத்தில் கஞ்சி ஊற்றினார்கள், அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் தர்ராஸ் சுவாமியார் ஊர் ஊராகப் போனார். வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று இன்றும் அவரைச் சொல்லுகிறார்கள். அந்த வருடங்களில் ஆயிரம் ஆயிரமாக ஞானஸ்நானம் பெற்றார்கள்.

குருக்கள் மட்டும்தான் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை, நம் தமிழின் முதல் நாவலை எழுதியவர், கத்தோலிக்கர், தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கஞ்சித் தொட்டி வைத்தார். வந்தவர்கள் எந்த வேதம் என்று அவர் கேட்கவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், தீவிர சிவபக்தர், இந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து பாட்டுப் பாடினார். அந்த நாளின் தமிழ்நாடு அப்படியும் இருந்தது.

சரி, கஞ்சிக்காகத்தானே வந்தார்கள்?

ஆமாம். வந்தார்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். யாக்கோபின் பிள்ளைகள் எகிப்துக்குப் போனது எதற்கு? தானியத்துக்கு. அந்தப் பயணம் இல்லாவிட்டால் மோயீசன் கதை இல்லை. எலிமெலேக்கு தன் மனைவி நகோமியை அழைத்துக்கொண்டு பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போனது பஞ்சத்தால். பெத்லகேம் என்றாலே அப்பத்தின் வீடு என்று அர்த்தம். அப்பத்தின் வீட்டிலேயே அப்பமில்லை. பிறகு அங்கே உணவு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் நகோமி திரும்பினாள். கூடவே வந்த மருமகள் ரூத்து, அந்நிய சாதிப் பெண், வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினாள். தாவீது அரசனுக்குப் பூட்டி அவள். மத்தேயு எழுதிய நம் ஆண்டவரின் வம்ச வரலாற்றில் அவள் பெயர் இருக்கிறது. பரம்பரையா, பஞ்சத்தில் வந்தவளா என்று கேட்டால், ரூத்துக்கு என்ன பதில்?

இயேசுவும் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தார். மறுநாள் அவரைத் தேடிவந்தவர்களிடம், அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். யோவான் ஆறாம் அதிகாரம். சொன்னாரே ஒழிய, நேற்றுக் கொடுத்ததற்காக வருத்தப்படவில்லை. அவர்களுடைய நோக்கம் அவருக்கு முந்தின நாளே தெரியாதா?

இதில் குருக்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஓங்கோலில் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்டு போதகர் பஞ்ச காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்து, பசித்தவர்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் பஞ்சம் தீரும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காகச் சேர்த்தோம் என்ற பேச்சு வரக்கூடாது என்று. நிவாரணம் நின்ற பிறகு, 1878 சூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சி நின்ற பிறகு எதற்கு வந்தார்கள்? கலப்பைக்கும் வண்டிக்கும் மாட்டுக்கும் சமமாகக் கணக்கில் வைக்கப்பட்டிருந்த ஒருவனை, யாரோ ஒருவர் திண்ணையில் உட்காரவைத்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். அது கஞ்சியைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நம்மவர்கள் கிளஃபைப்போல் காத்திருக்கவில்லை. சாகிறவனைக் காக்க வைக்கலாமா என்பது நம் பக்கத்து வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு நெருடுகிறது. சாகக் கிடந்த குழந்தைகளுக்கு உபதேசியாரும் கன்னியரும் அவசர ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டே போனார்கள். அந்த எண்ணிக்கை வருடந்தோறும் பிரான்சுக்கு எழுதப்பட்டது. தர்மம் அனுப்பியவர்கள் அதைப் படித்து மகிழ்ந்தார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு தாயின் மடி. அதை மகிழ்ச்சியோடு எழுதிய பேனாவை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை.

மழை வந்தது. வந்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள், உண்மை. நிறையப் பேர் நின்றார்கள். நின்றவர்களுக்கு அதன் பிறகு கஞ்சி இல்லை, கஷ்டம்தான். வேதத்தில் சேர்ந்தவனுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்று பல இடங்களில் கதவடைத்தார்கள். அந்த மக்களின் நிலை என்ன என்பதை 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதிய பிறகுதான், அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் பேச்சே அரசாங்கத்தில் எழுந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் கேள்விப்படுகிறோமே, அதுதான். சோற்றுக்காக வந்தவர்கள் என்றால் சோறு நின்றதும் போயிருக்க வேண்டாமா? மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை, பட்டினியோடு செபமாலை சொன்னார்களே.

அவர்கள் நின்ற கோவிலுக்குள் அவர்களுக்கு எந்த இடம் கொடுத்தோம்? இதுதான் சகோதரர்களே, பேச எனக்கே கூச்சமான இடம். நம் சம்பா கோவிலில் ஒரு காலத்தில் நடுவே சுவர் இருந்தது. ஒரு பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர், மறுபக்கம் சேரிக் கிறிஸ்தவர். 1745-இல் சேரி மக்கள் சுவாமியாரிடம் போய் முறையிட, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததும் கிளம்பிய கலவரத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரிக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1872-இல், தெற்கே வடக்கன்குளத்தில் காற்சட்டையைப்போல் இரண்டு கால் வைத்துக் கோவில் கட்டினார்கள், இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பூசை காண. அதிலிருந்த தடுப்பை நீக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. பட்டினி கிடந்து வந்தவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, தீர்த்தத் தொட்டி வேறு.

கோவிலுக்குள் இருந்த சுவர்கள் போய்விட்டன. கல்லறைத் தோட்டத்தில் இருப்பவை எல்லாம் போய்விடவில்லை. எந்த ஊர் என்று நான் வானொலியில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தங்கள் ஊர் தெரியும். தேர் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவுக்கு முன்னால் திரும்பும் என்பதும் தெரியும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, சாதி வேற்றுமை திருச்சபையின் ஒன்றிப்புக்கே எதிரானது என்று வெளிப்படையாகப் பேசினார். உரோமாபுரியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது.

இன்றைய உவமையில் மூத்த மகன் ஒருவன் இருக்கிறான். நாம் அவனை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். பரம்பரையாக வீட்டிலேயே இருந்தவன் அவன். வயலிலிருந்து வருகிறான், ஆடல் பாடல் சத்தம் கேட்கிறது, வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். உள்ளே போக மாட்டேன் என்று வாசலில் நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். அப்போது அவன் தம்பியைத் தம்பி என்று சொல்லவில்லை, உம்முடைய இந்த மகன் என்கிறான். தகப்பன்தான் அதைத் திருத்தி, உன் தம்பி என்கிறார். நான் சொன்ன கல்யாணப் பேச்சில் அந்தப் பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்வி இந்த மூத்த மகனின் கேள்விதான். தம்பி எதற்காகத் திரும்பினான் என்று தகப்பன் விசாரிக்கவே இல்லை என்பதைப் பாருங்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தைகளை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. அங்கியும் மோதிரமும் செருப்பும் கொண்டுவாருங்கள் என்றார். அடிமைக்குச் செருப்பு கிடையாது, மகனுக்குத்தான் உண்டு. நம் ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலத்தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வரியின் அர்த்தம் எந்த வேத வியாக்கியானமும் இல்லாமலே புரியும்.

மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். உங்கள் பங்கு பழைய பங்கு என்றால், சாமியார் பங்களா அலமாரியில் 1876 முதல் 1879 வரையிலான ஞானஸ்நானப் புத்தகம் இருக்கக்கூடும். லத்தீனில் எழுதியிருப்பார்கள். தாள் பொடிந்திருக்கும், ஆகவே நீங்களாகப் புரட்டாதீர்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு, செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சவரிமுத்து, ராயப்பன், அன்னம்மாள், சூசை, அடைக்கலம் என்று பெயர்கள் வரும். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் வரும். லூர்துசாமி, லூர்துமேரி என்ற பெயர்களைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். 1858-இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்த ஊரின் பெயர், இருபது வருடத்துக்குள் நம் சேரிப் பிள்ளைக்கு வந்துவிட்டது. வில்லியனூருக்கு அந்த மாதாவின் சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததும் இதே பஞ்சத்தின் நடுவில், 1877-இல்தான்.

அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, கல்லறை மந்திரிக்கும்போது ஒவ்வொன்றாக வாசியுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. நடுவே சுவர் இருக்கிற ஊராக இருந்தால், ஒலிபெருக்கியை இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி வையுங்கள்.